பதினைந்தாவது பெயர்

போன மாதம் என் மகளுக்கு ஏழு வயது முடிந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே, பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் பதினான்கு பெயர்களை எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். "இவங்க எல்லாரும் வரணும்மா. ஓட்டல் வேணாம். நம்ம வீட்லதான் வைக்கணும்."

நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு வரை பிறந்தநாளுக்குத் திட்டம் போட்டதே இல்லை. அம்மா வீட்டுத் திண்ணையில் கேக்கை வைத்தால் போதும், தெருவே வந்துவிடும். யாரையும் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள், "என்னடி, எங்களுக்கே சொல்லி அனுப்புறியா" என்று. எங்கள் தெருவில் திட்டம் போட்டு, வசூல் பண்ணி, பந்தல் கட்டிக் கொண்டாடுகிற பிறந்தநாள் ஒன்றே ஒன்றுதான். ஏப்ரல் 14.

இங்கே அப்படி இல்லை. இது ஒரு 'நகர்'. கலப்பான தெரு. மகள் படிப்பது தனியார் மெட்ரிக் பள்ளி. அந்தப் பதினான்கு பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பா அம்மாவை நான் பள்ளி வாசலில் பார்த்துச் சிரித்திருக்கிறேன், அவ்வளவுதான். யார் வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. என் வீட்டுக்குள் அவர்களும் வந்ததில்லை.

அன்று இரவு வீட்டில் பேச்சு நடந்தது.

கணவர் சொன்னார், "பைபாஸ் பக்கத்துல இருக்கிற ஓட்டல்ல பார்ட்டி ஹால் ஆறாயிரம் ரூபாய்தான். பலூன் அவங்களே கட்டிடுவாங்க. உனக்கும் வேலை மிச்சம்." அவர் பணக்கணக்கு பார்த்துச் சொல்லவில்லை. வீட்டில் வைத்தால் இரண்டாயிரத்தில் முடியும் என்று அவருக்குத் தெரியும். ஓட்டலுக்குச் சாதி தெரியாது, அதுதான் அவர் சொல்ல வந்தது. சமைத்தவர் யார், பாத்திரம் யாருடையது என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அவர் அரசுப் பள்ளியில் ஆசிரியர். பதினோரு வருடமாக அந்த ஊரில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்ததில்லை. எப்போதும் பையில் பாட்டில் இருக்கும்.

அம்மா சொன்னது வேறு மாதிரி. "வீட்லயே வையி, பரவால்ல. ஆனா எதுவும் ஆக்காத. பேக்கரிலேர்ந்து பாக்கெட்டா வாங்கிக் குடுத்துடு. அப்பதான் சாப்புடுவாளுங்க." கொஞ்ச நேரம் கழித்து, ஹாலில் இருக்கிற அம்பேத்கர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஒருநாள் மட்டும் இதக் கழட்டி உள்ள வச்சிக்கலாமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மாவைத் திட்ட முடியவில்லை. அவருக்கு இந்த விஷயத்தில் என்னைவிட அனுபவம் அதிகம். அதற்கு நானே சாட்சி.

1998. நான் நான்காம் வகுப்பு. அதுவரை என் பிறந்தநாளுக்குப் பள்ளியில் எதுவும் கொடுத்ததில்லை. அந்த வருடம் அம்மா இரண்டு நாள் முன்பே பச்சரிசி ஊறவைத்து, உரலில் இடித்து, வெல்லப்பாகு பதம் பார்த்து அதிரசம் சுட்டார். தூக்கு நிறைய அடுக்கிக் கொடுத்தனுப்பினார். புதுப்பாவாடை கட்டிக்கொண்டு, தூக்கைக் கை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனேன். டீச்சர் மூடியைத் திறந்து பார்த்தார். "நல்லா இருக்கே" என்றார். மூடி, மூலையில் வைத்தார். "நாளைக்குச் சாக்லேட் வாங்கிட்டு வா, எல்லாருக்கும் குடுக்கலாம்" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னார்.

சாயங்காலம் தூக்கு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எதுவுமே கேட்கவில்லை. பக்கத்து வீடுகளுக்கு எடுத்துக் கொடுத்தார். மறுநாள் அப்பா ஒரு பாக்கெட் காபி மிட்டாய் வாங்கித் தந்தார். எல்லாப் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். டீச்சரும் இரண்டு எடுத்துக்கொண்டார். காகிதம் சுற்றிய மிட்டாய்க்குத் தீட்டு இல்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. அதைத் தீட்டு என்று சொல்கிறார்கள் என்பது மட்டும் பிறகுதான் தெரிந்தது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து எம்.ஏ. சமூகவியல் வகுப்பில் மெக்கிம் மேரியட் எழுதிய ஆய்வைப் படித்தேன். உத்தரப்பிரதேசத்தில் கிஷன் கடி என்று அவர் பெயரிட்டு எழுதிய கிராமத்தில், எந்தச் சாதி யாரிடம் என்ன உணவை வாங்கும் என்று கட்டம் போட்டு, அதிலிருந்தே சாதி வரிசையைக் கண்டுபிடித்தார். வெளிவந்த ஆண்டு 1968. சமைக்காத தானியம் என்றால் வாங்கலாம். நெய்யில் பொரித்ததை இன்னின்னாரிடம் வாங்கலாம். தண்ணீரில் வேகவைத்ததற்குக் கட்டுப்பாடு அதிகம். பேராசிரியர் பலகையில் கட்டம் போட்டு விளக்கினார். நான் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் வகுப்பில் கையைத் தூக்கி, "சார், எங்க அதிரசம் எண்ணெயில பொரிச்சதுதான், அப்பவும் திரும்பி வந்துச்சு" என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்தக் கட்டத்தில் கடைசி வரிசையில் இருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு அது வெறும் கடைசி வரிசை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில் ஒரு கடைக்காரர், பள்ளிக்குப் போகும் பட்டியல் சாதிப் பிள்ளைகளிடம் ஊர்க்கட்டுப்பாடு, உங்களுக்குத் தின்பண்டம் தரக்கூடாது என்று சொன்ன காட்சியை நாமெல்லாம் கைப்பேசியில் பார்த்தோம். 2023-இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது, பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த பெற்றோர்களைப் பற்றிக் கரூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் செய்தி வந்தது. கரூரில் மாவட்ட ஆட்சியரே போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

அங்கெல்லாம் ஒரு வழக்காவது போட முடிந்தது, ஓர் அதிகாரியாவது வர முடிந்தது. கடை, பள்ளி, ஓட்டல், டீக்கடை டம்ளர் வரை சட்டம் வரும். அரசமைப்பின் 17-வது பிரிவு இருக்கிறது, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் என் வீட்டு ஹாலில் ஒரு பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே "இன்னிக்கு எனக்கு விரதம்" என்றால் அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது. அவருக்கு உண்மையிலேயே விரதமாகவும் இருக்கலாம். நமக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் நம்மைத் தின்கிறது.

வீட்டிலேயே வைக்கிறோம், வீட்டிலேயே சமைக்கிறோம், படம் இருக்கிற இடத்தில் இருக்கும் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம், "அதிரசமும் சுடணும்" என்றேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "மாவு ரெண்டு நாளாவது இருக்கணும், இன்னும் அரிசியே வாங்கல" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. இரண்டு கிலோ கேக், முட்டை சேர்க்காதது. மூன்று கிலோ சீரகச் சம்பாவில் கோழி பிரியாணி. கறி சாப்பிடாத பிள்ளைகளுக்குத் தக்காளி சாதம். பலூன் கணவர் பொறுப்பு. வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப ஆளுக்கு ஒரு கதைப் புத்தகம், ஒரு பென்சில் டப்பா. வாட்ஸ்அப்பில் பெற்றோருக்குச் செய்தி அனுப்பினேன், வீட்டு விலாசத்தோடு. ஐந்து பேர் உடனே கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க எந்தத் தெருங்க? சொந்த ஊரு எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மூன்றாவது கேள்விதான் கேள்வி என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "காலனிப் பக்கம்ங்க" என்றேன். "சரிங்க, பாக்கறோம்" என்று வைத்துவிட்டார்.

இதுவரை எழுதியது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இதற்கு அடுத்து நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் மகள் பட்டியலில் பதினைந்தாவதாக ஒரு பெயரை எழுதினாள். அந்தப் பெயர் அவள் வகுப்பில் இல்லை. யார் என்று கேட்டேன். "குப்பை வண்டி அக்காவோட பாப்பா" என்றாள்.

எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் பேட்டரி வண்டியில் ஒரு தூய்மைப் பணியாளர் வருவார். ஒப்பந்தத் தொழிலாளி. அருந்ததியர். பள்ளி விடுமுறை நாட்களில் மகளையும் கூட்டிக்கொண்டு வருவார். நகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிற அந்தப் பிள்ளையும் என் மகளும் வாசலில் கொஞ்ச நேரம் விளையாடுவார்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இவள் அதை நட்பு என்று எண்ணி வைத்திருக்கிறாள்.

அம்மா பெயரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அந்தப் புள்ளைக்குத் தனியா எடுத்து வச்சி மறுநாள் காலைல குடுத்து அனுப்பிடலாம். பாவம், சந்தோசமா சாப்புடும்" என்றார்.

தனியாக எடுத்து வைப்பது. மறுநாள் கொடுத்தனுப்புவது. முகத்தில் சிரிப்பு. திட்டு இல்லை, அடி இல்லை. எனக்கு அந்த டீச்சர் ஞாபகம் வந்தார்.

"ஏம்மா, அந்தப் புள்ள உள்ள வந்தா என்ன?" என்று கத்தினேன். அம்மாவும் விடவில்லை. "என்னையே சொல்லு. நீ தினம் அவளுக்குக் காகிதக் கப்புலதானே டீ குடுக்கற?" என்றார்.

நான் வாயடைத்து நின்றேன். உண்மை. இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நான்கு நாள் அவருக்கு டீ கொடுத்திருக்கிறேன். எல்லாமே காகிதக் கப்பில். எலக்ட்ரீசியன் வந்தால் எவர்சில்வர் டம்ளரில் கொடுக்கிறேன். தண்ணீர் கேன் போடுகிற தம்பிக்கு டம்ளர். அவருக்கு மட்டும் கப். காலை நேர அவசரம், கழுவ நேரமில்லை, அவர் வண்டியிலேயே குடித்துவிட்டுப் போகலாம், அதே வண்டியில் கப்பைப் போட்டுவிடலாம் என்று நூறு காரணம் எனக்குள்ளே தயாராக இருந்தது. நான் வேலை செய்கிற கிராமங்களில் கணக்கெடுப்புப் படிவத்தோடு போய், "டீக்கடையில் இரட்டை டம்ளர் முறை உள்ளதா" என்று கேட்டு ஆம், இல்லை என்று குறித்துக்கொண்டு வருகிறவள் நான். டீக்கடைக்காரர்களும் காகிதக் கப்புக்கு இதே காரணங்களைத்தான் சொல்வார்கள். நான் அவற்றைக் குறிப்பில் 'சமாளிப்பு' என்று எழுதுவேன்.

அண்ணல் இதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னார். இந்த ஏணியில் யாருக்கும் தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறது. அந்தப் படிதான் ஏணி உடையாமல் இருக்கக் காரணம். இதை மேடையில் நானே பலமுறை பேசியிருக்கிறேன், எப்போதும் மேல்படியைப் பார்த்துக்கொண்டே. 2009-இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெருவில், எங்கள் சொந்தக்காரர்கள் வாயில் என்னென்ன வார்த்தைகள் வந்தன என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் எதிர்த்துப் பேசவில்லை. குடும்பச் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வண்டிச் சத்தம் கேட்டதும் டம்ளரில் டீ எடுத்துக்கொண்டு போனேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள், நீங்களும் பாப்பாவும் கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டார், "நாங்க வந்தா மத்தவங்க வருவாங்களா மேடம்?"

அதே கேள்வியோடுதான் நான் ஒரு வாரமாகத் தூங்காமல் இருந்தேன். என் கேள்வியில் 'மற்றவர்கள்' வேறு. அவர் கேள்வியில் நானும் அந்த மற்றவர்களில் ஒருத்தி.

"வர்றவங்க வரட்டும். நீங்க வாங்க. மேடம் வேணாம், அக்கான்னு கூப்புடுங்க" என்றேன். அவர் சிரித்தார். நம்பினாரா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேரில் ஒன்பது பேர் வந்தார்கள். தூய்மைப் பணியாளர் மகளை மட்டும் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று போகப் பார்த்தார். என் மகள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்து விட்டாள். 'ஊரில் எந்தப் பக்கம்' என்று கேட்டவர் வரவில்லை, பிள்ளையையும் அனுப்பவில்லை. ஓர் அம்மா கேக் வெட்டியதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வயிறு சரியில்லை என்றார். அவருடைய பையன் போகும்போது அழுதுகொண்டே போனான். இன்னோர் அம்மா அம்பேத்கர் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்லயும் இருக்குங்க, பீரோவுக்குள்ள" என்று என் காதில் சொன்னார். அவர் யார் என்று இரண்டு வருடமாக எனக்குத் தெரியாது. என்னைப் போலவே அவரும் பள்ளி வாசலில் சிரித்துவிட்டுப் போகிறவர்.

பிரியாணியைப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து அம்மாதான் பரிமாறினார். பதினைந்தாவது பெயருக்குச் சொந்தக்காரி இரண்டாவது முறை கேட்டபோது அம்மா தயங்காமல் போட்டார். அவளுடைய அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது மட்டும் ஒரு கணம் கை காகிதக் கப் பக்கம் போனது. பிறகு டம்ளரை எடுத்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அம்மாவும் பார்த்தார். அறுபத்தி நான்கு வயதில் அவருக்கு அது சிறிய காரியம் இல்லை.

அதிரசம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதை எழுதுவதால் ஒருவேளைச் சோற்றில் சாதி போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. சமபந்தி போஜனம் மட்டும் சாதியைக் கொன்றுவிடாது என்று அம்பேத்கர் 1936-இலேயே சாதி ஒழிப்பு நூலில் தெளிவாக எழுதிவிட்டார். ஆனால் வீட்டுக்குள் சாப்பிடக்கூட முடியாத பிள்ளைகள் நாளைக்கு வேறு எந்தத் தூரத்தைத் தாண்டப்போகிறார்கள்? அவரே சிறுவயதில், 1901-இல், அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புதுத்துணி உடுத்திக்கொண்டு புறப்பட்டுப் போனதை எழுதியிருக்கிறார். கூடையில் சாப்பாடு இருந்தும், குடிக்கத் தண்ணீர் தருவார் யாரும் இல்லாததால் அந்தப் பிள்ளைகள் பசியோடு படுத்தார்கள். புதுத்துணி போட்ட பிள்ளைக்கு நேரும் அவமானம் மறப்பதே இல்லை. என் 1998 இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நகரங்களில் குடியேறியிருக்கும் நம் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முடிந்தால் பிள்ளைகளின் பிறந்தநாளை வீட்டில் வையுங்கள். நம் வீட்டில் சமைத்ததைக் கொடுங்கள். படத்தைக் கழற்றாதீர்கள். வராதவர்களை எண்ணி ஓர் இரவு வருத்தப்படுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கூடவே, உங்கள் பட்டியலில் யார் பெயர் இல்லை என்றும் பாருங்கள். நம்மை அழைக்காதவர்களின் கணக்கு நமக்கு மனப்பாடம். நாம் அழைக்காதவர்களின் கணக்கு நம்மிடம் இல்லை.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அழைத்தால் வாருங்கள், சாப்பிடுங்கள். பிறகு எங்கள் பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குள் கூப்பிடுங்கள். வந்துபோன ஒன்பது பேரில் இதுவரை இரண்டு வீட்டிலிருந்து என் மகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

ஒன்று, பீரோவுக்குள் படம் வைத்திருப்பவர் வீடு. இன்னொன்று, அந்தப் பதினைந்தாவது பெயர். அவளுக்கு மாசி மாதம் பிறந்தநாள். நகராட்சிக் குடியிருப்பில் ஓர் அறை வீடு. "எல்லாரும் வரணும்க்கா, ஆயாவும் வரணும்" என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

அம்மாவிடம் சொன்னேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார், "அவங்க வீட்ல என்ன ஆக்குவாங்க?"

"போய்த்தான் பாக்கணும்" என்றேன்.

அதற்கு அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.